வாயைத் திறடா தம்பி

ஒரு கல்யாண மண்டபத்துல, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல, மரச்சட்டங்களுக்கு நடுவுல ஒரு எலியம்மா ஆறு குட்டிகளோட குடியிருந்தா. பக்கத்துத் தண்ணிக் குழாய்ல, தீப்பிடிச்சா தண்ணி கொட்டுற ஒரு ஸ்பிரிங்க்ளர், செவப்புக் கண்ணாடிக் குமிழை வாய்ல கடிச்சுக்கிட்டுத் தொங்கிச்சு.

"அக்கா, அந்த வயரைக் கடிக்காதீங்க"ன்னு அது முணுமுணுத்துச்சு.

"வாயைத் திறந்து பேசுடா! மூணு வருஷமா சும்மா தொங்குற, எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டியா? நீ குமிழைக் கடிக்கலாம், நான் வயரைக் கடிக்கக் கூடாதா?"ன்னு எகிறின எலியம்மா, நறுக்குன்னு ஒரு கடி கடிச்சா.

பொறி பறந்து மரத்தூள் குப்புன்னு பத்திக்கிச்சு. கூட்டுக்கும் நெருப்புக்கும் நடுவுல ஒரு சாண்தான். ஒரு குட்டியைக் கவ்வலாம், மீதி அஞ்சை யாரு தூக்குறது?

"டேய் தம்பி, வாயைத் திறடா!"ன்னு கதறினா.

சூடு ஏறி, குமிழ் படார்னு வெடிச்சுச்சு. கொட்டுன தண்ணியில நெருப்பு செத்தே போச்சு. எலியம்மா குட்டிகளை நக்கி நக்கி எண்ணினா. ஆறும் நனைஞ்சுபோய் கீச்சு கீச்சுன்னு கத்துச்சு. அப்பாடான்னு உக்காந்தா.

மறுநாள் ஆளுங்க வந்து வயரை மாத்தி, புது ஸ்பிரிங்க்ளரையும் மாட்டிட்டுப் போனாங்க. அது குமிழைக் கடிச்சுக்கிட்டே, "வணக்கம் அக்கா"ன்னு முணுமுணுத்துச்சு.

வயர் பக்கம் மூக்கை நீட்டின மூத்த குட்டியை வாலைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே எலியம்மா சொன்னா: "வாங்க தம்பி. நீங்க வாயே திறக்க வேணாம், அப்படியே கடிச்சுக்கிட்டு இருங்க!"