காயில் வயர்

தீபாவளி லீவு வீரபாண்டிக்குத்தான் என்று முதலாளி அரபி சொன்னதிலிருந்து கார்மேகத்துக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது.

"அந்தப் பழைய மஸ்டாங் காருக்கு உசுரு குடுத்தவன் அவனாம். அடியில படுத்து நான் துரு சுரண்டினதெல்லாம் எந்தக் கணக்குல சேரும்?"

"விடுங்கண்ணே, அடுத்த வருசம் நீங்க போங்க" என்றான் வீரபாண்டி. அந்தப் பெருந்தன்மைதான் இன்னும் எரிந்தது.

தோஹா தொழில்பேட்டை ஒர்க்‌ஷாப்புக்குக் காரை விலைபேச ஆள் வந்த அன்று, யாரும் பார்க்காத நேரத்தில் கார்மேகம் பானெட்டைத் தூக்கி, இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் காயில் வயரை உருவிவிட்டான். வண்டி கிளம்பாது, வீரபாண்டி லீவும் கேன்சல்.

நினைத்தபடியே நடந்தது. வீரபாண்டி சாவியைத் திருகித் திருகிப் பார்த்தான். வண்டி முனகியதே தவிர, உறுமவில்லை. வந்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டார். அவரைச் சமாதானப்படுத்த அரபியின் தம்பி பின்னாலேயே ஓடினான்.

பானெட்டைத் திறந்த அரபி, கழன்று கிடந்த வயரைத் தூக்கிப் பிடித்தார். "யார் வேலை இது?"

"வீரபாண்டிதான் அர்பாப்! என் கண்ணால பார்த்தேன்" என்றான் கார்மேகம்.

வீரபாண்டி வாயைத் திறப்பதற்குள் அரபி அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"எங்கப்பா ஓட்டின வண்டிடா இது. விக்கணும்னு என் தம்பிதான் ஒத்தக்கால்ல நின்னான். என் மனசு உனக்கு எப்படித் தெரிஞ்சது? ஒரு மாசம்தானே கேட்ட? மூணு மாசம் போயிட்டு வா!"

பிறகு கார்மேகத்தின் பக்கம் திரும்பினார்.

"அவன் வர்ற வரைக்கும் நீ ஊரை நினைக்கவே கூடாது. உனக்கு லீவே கிடையாது, மாஃபி!"