ஏழாம் ஃபீடர்

"அக்கா, அமுக்குங்க! இதைவிட நல்ல சந்தர்ப்பம் இனிமே கிடைக்காது."

திரையில் ஏழாம் ஃபீடர் என்ற மின்பாதையின் மேல் அம்புக்குறியை நிறுத்தியிருந்தாள் அவள். பின்னால் நின்ற உதவிப் பொறியாளன் அவளைவிடப் பரபரத்தான்.

மழையில் நனைந்த பழுப்பு நிலக்கரி சரியாக எரியாமல், அனல்மின் நிலையத்தின் இரண்டாம் யூனிட் சற்றுமுன் படுத்துவிட்டது. ஐந்து நிமிடத்துக்குள் சில பகுதிகளை நிறுத்தாவிட்டால் வட்டாரம் முழுக்க மின்சாரம் போய்விடும். எதை நிறுத்துவது என்பது மின்பகிர்வு மையத்தில் பணியிலிருந்த அவள் கையில்.

வரிசைப்படி முதலில் போக வேண்டியது ஏழு. அனல்மின் நிலையத்தின் விழா மண்டபம் அதில்தான் இருந்தது. அங்கே இப்போது தலைமைப் பொறியாளருக்குப் பிரிவு உபசாரம்.

மூன்று வருடங்களுக்கு முன், நிலக்கரி ஏற்றும் பெல்ட்டில் சிக்கி அவளுடைய அண்ணன் செத்துப்போனான். யாரிடமும் சொல்லாமல் அவனாகவே உள்ளே போனான் என்று எழுதிக் கொடுத்தவர் அந்தத் தலைமைப் பொறியாளர். விசாரணைக் குழு அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. அன்றும் இதே மேசையில் பணியிலிருந்த இவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"மாலையும் கழுத்துமா இருட்டுல உக்காந்து வேர்த்து வழியட்டும்க்கா!"

அவள் மூன்றை நிறுத்தினாள். பிறகு ஐந்து, ஒன்பது, பதினொன்று. ஏழைத் தொடவில்லை.

"என்னக்கா இது? வரிசையை மாத்திட்டீங்க. நாளைக்கு மெமோ வரும்."

"வரட்டும்."

"மன்னிச்சிட்டீங்களா அந்த ஆளை? உங்க அண்ணிக்கு வாரிசு வேலையைக் குடுத்து, அவருக்கே வாழ்த்துப் படம் எடுக்க வெச்சிருக்காங்க. நீங்களும் இப்படி..."

"அண்ணி ரெண்டு மாசம் உசிரைக் குடுத்து செஞ்ச படம்டா. பாதியில நிக்கக் கூடாது."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மேசைத் தொலைபேசி அடித்தது. எடுத்ததும், பேச்சு பதிவாவதைக் காட்டும் சிவப்பு விளக்கு வழக்கம்போல் எரிந்தது. பேசியவர் தலைமைப் பொறியாளர்.

"யூனிட் போயிடுச்சுன்னதும் முதல்ல நீ எங்க லைனைத்தான் வெட்டுவேன்னு நினைச்சேம்மா. பழசை மனசுல வெச்சுக்காம இருந்தே பாரு, உனக்குப் பெரிய மனசு."

"படம் போட்டாச்சா சார்?"

"இப்பத்தான் ஆரம்பிக்குது. அமைச்சர், மேலதிகாரிங்க, பத்திரிகைக்காரங்க எல்லாரும் உக்காந்திருக்காங்க. உங்க அண்ணிதான் போடுறாங்க. நல்ல பொண்ணு."

"மேடையிலேயே இருந்து முழுசா பாருங்க சார். 'ஆள் உள்ளே இருக்கான்னு பெல்ட்டை நிறுத்த முடியாது'ன்னு அன்னைக்கு இதே போன்ல என்கிட்ட சொன்னீங்களே, அது உங்க குரல்லயே வருது."