வேலியோரம் ஒரு துளை

வேலிக்கு இந்தப் பக்கம் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டி இரைந்துகொண்டிருந்தது.

அவன் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அங்கே தெய்வாத்தாளின் வாழை. செத்துப்போன அண்ணனின் பெண்டாட்டி. பாகம் பிரித்தபோது ஆளுக்குச் சரிபாதி பூமிதான். தண்ணீர் மட்டும் அவளுக்கு வாய்த்தது. அவளுடைய போர் காலையிலிருந்து தொட்டியில் கொட்டிக்கொண்டே இருக்கிறது. வேண்டுமென்றே கொட்டுகிறாள். இவன் காதில் விழட்டும் என்று.

இவன் வாழை தார் விடும் நேரம். தண்ணீரில்லாமல் மட்டை ஒடிந்து தொங்கியது.

நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு பூமி முழுக்க நடந்திருந்தார். கிழக்கு மூலையில் தேங்காய் எழுந்து நின்றது. அங்கே போடுங்கள் என்றார்.

அவன் தேங்காயை நம்பவில்லை. தேங்காய் பிடித்தவரையும் நம்பவில்லை. அவள் போருக்கு நேர் எதிரே, வேலியை ஒட்டிக் குச்சி நட்டான்.

தண்ணீருக்காக நட்டான் என்றால் அது பாதிதான் உண்மை.

வெள்ளைப் புழுதி. வண்டி, ஆட்கள், அவன் மீசை, எல்லாம் வெள்ளை.

திடீரென்று புழுதி நின்றது.

பாறையைத் துளைத்துக்கொண்டிருந்த இரும்பு ராடு ஒரு முழம் சும்மா இறங்கியது.

இந்தக் குழியில் ஒன்றும் வரவில்லை. அந்தப் பக்கம் தொட்டியில் விழுந்த தண்ணீர் இருமியது. சாம்பல் நிறமாயிற்று. அப்புறம் அவள் போரின் மூடி பறந்தது. இங்கே வண்டி குழிக்குள் அடித்த காற்று, அங்கே தென்னை உயரத்துக்குத் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு போனது.

வண்டியை நிறுத்தினார்கள்.

அவளும் மோட்டாரை நிறுத்திவிட்டு வேலிக்கு வந்தாள். தலையெல்லாம் சேறு.

“ஏனுங்க கொழுந்தனாரே, இன்னைக்கு நீங்களே எனக்குத் தலைக்கு ஊத்தி உட்டுட்டீங்க.”

சிரித்தாள்.

வண்டிக்காரன் சிரிக்கவில்லை.

“ரெண்டும் ஒரே ஊத்துங்க. ஒரு மோட்டாருக்குத்தான் தாங்கும். இத்தோட நிறுத்துனா உங்க குழியிலயும் தண்ணி ஏறி நிக்கும். நாள் விட்டு நாள் மாத்தி ஓட்டிக்குங்க, ரெண்டு வாழையும் பொழச்சுக்கும். இதுக்கு மேல இறக்குனா ஊத்து அடிப்பாறைக்கு நழுவிரும். அப்புறம் ஆருக்கும் இல்லீங்க.”

மாற்றி ஓட்டுவதாம். இவன் நாளில் அவள் ஓட்டமாட்டாள் என்று யார் கண்டது?

தெய்வாத்தாள் வேலிக்கு மேலாக அவன் வாழையைப் பார்த்தாள். ஒடிந்த மட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“மொதல்ல நீங்களே எடுங்க. இந்த வாரம் பூரா நான் மோட்டார் போடல. உங்க வாழையப் பாத்தா பாவமா இருக்குது.”

பாவம்.

அவள் முந்தானையைப் பிழிந்துகொண்டே திரும்பி நடந்தாள். இரண்டு பக்கமும் அவள் வாழை. இலைகளில் சேறு வழிந்தது. சேற்றுக்கு அடியிலும் பச்சை.

அவள் வீட்டுக்குள் போகும்வரை அவன் நின்றான்.

பிறகு வண்டிக்காரன் பக்கம் திரும்பினான்.

“வண்டில இன்னும் எத்தன ராடு இருக்குது?”