ஏழாம் வகுப்பு வாங்கிய பங்கு

“வித்துத் தொலைங்களேன்! தினம் தினம் எறங்குற பங்கை இன்னும் எதுக்குக் கட்டிக்கிட்டு அழறீங்க?”

ஜானகிராமன் மேஜையில் ஓங்கிக் குத்தினார். எதிரே உட்கார்ந்திருந்த முதலீட்டாளர்கள் யாருக்கும் பதின்மூன்று வயதுகூட நிரம்பவில்லை.

காரைக்காலிலிருந்து மாற்றலாகி, முதலியார்பேட்டையில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்க வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. சதவீதம் என்றாலே கொட்டாவி விடும் பிள்ளைகளுக்காக அவர் புதிதாக ஒன்று செய்தார். ஆளுக்கு ஆயிரம் ரூபாய் இருப்பதாக வைத்துக்கொண்டு, பேப்பரில் வரும் பங்கு விலைகளைப் பார்த்துப் பிடித்த கம்பெனியில் போட வேண்டும். லாப நஷ்டத்தைச் சதவீதத்தில் சொல்ல வேண்டும்.

சிரத்தை வரட்டும் என்று ஒரு பொய்யும் சொல்லியிருந்தார். “நீங்க வாங்குறது, விக்கிறது எல்லாத்தையும் மெட்ராஸ் மார்க்கெட்டுக்கு எழுதி அனுப்புறேன். வெளையாட்டுன்னு நெனைக்காதீங்க!”

வந்தது வினை. பேப்பரில் அத்தனை கம்பெனி இருக்க, வகுப்பு மொத்தமும் கோதண்டம் டெக்ஸ்டைல்ஸ் என்ற ஒன்றையே வாங்கியது. பார்த்து எழுதியிருக்கிறார்கள், வேறென்ன! போயும் போயும் சரிந்துகொண்டிருக்கிற கம்பெனிதானா கிடைத்தது?

நாளைக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார். “ஒருத்தனாச்சும் லாபம்னு ஒண்ணக் காட்டணும் சார். இல்லன்னா இந்தப் பங்கு வெளையாட்ட மூட்ட கட்டிட்டுப் புஸ்தகத்த எடுங்க” என்று தலைமையாசிரியர் ராஜாங்கம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இன்றைக்கும் பாதி வகுப்பு தாமதம் வேறு.

“ஏன்டா லேட்டு?”

“மில்லு சங்கு ஊதறதில்ல சார். நேரமே தெரியல” என்றான் வடிவேல்.

“நல்ல சாக்கு! உக்காரு. பங்கு வாங்கினப்ப என்ன வெல?”

“பன்னெண்டு ரூபா சார்!” வகுப்பே கத்தியது.

“இன்னிக்கு?”

“ஒம்போது!”

“நஷ்டம்?”

“இருவத்தஞ்சு சதவீதம் சார்!”

கொஞ்சமும் பிசகவில்லை. கணக்கு வருகிறது, புத்திதான் வரவில்லை. ஜானகிராமனுக்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

“தனக்கொடி, எழுந்திரு. நீ யாரப் பாத்து எழுதின?”

“யாரையும் பாக்கல சார். எல்லாரும் பேசி வெச்சுதான் வாங்கினோம்.”

“பேசி வெச்சு நஷ்டப்படுறீங்களா? ரொம்ப லட்சணம்! இப்ப இத வித்துட்டு ஏறுற பங்கா ஒண்ணு வாங்குறியா, இல்லியா?”

“மாட்டேன் சார்.”

“கைய நீட்டு.”

பிரம்பைப் பார்த்தபடியே தனக்கொடி கையை நீட்டினாள். அடி வாங்கினாலும் வாங்குவாளாம், விற்க மாட்டாளாம்! அடிக்க மனம் வராமல் அவர் பிரம்பை மூலையில் எறிந்தார்.

“சரி, நானே விக்கிறேன். மொத்த கிளாஸோட பங்கும் இன்னியோட வித்தாச்சு. இன்னிக்கே மெட்ராஸுக்கு எழுதிடறேன்!”

கரும்பலகையிலிருந்த கோதண்டம் டெக்ஸ்டைல்ஸ் மேல் டஸ்டரை வைத்ததுதான் தாமதம், “வேணாம் சார்!” என்று வகுப்பு முழுக்க எழுந்து நின்றது. வடிவேல் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். பையன் அழுதுகொண்டிருந்தான்.

“என்னடா ஆச்சு உங்களுக்கு? அந்தக் கம்பெனி என்ன, உங்க மாமனா மச்சானா?”

“அது நம்ம மில்லு சார்” என்றாள் தனக்கொடி. “கேட்டு மேல அந்தப் பேருதான் போட்டிருக்கு. எங்க எல்லாரோட அப்பாவும் அங்கதான் வேல செஞ்சாங்க.”

ஜானகிராமன் டஸ்டரைக் கீழே இறக்கினார்.

“காசு போட ஆளில்லாமதான் மில்ல மூடிட்டாங்கன்னு அப்பா சொன்னாரு” என்றான் வடிவேல், மூக்கைத் துடைத்துக்கொண்டே. “அதான் நாங்க எல்லாரும் போட்டுட்டோமே, எப்ப சார் தொறப்பாங்க?”