நாளைக்கு வர்றவள்

விடிந்தால் எழிலுக்குப் பதினெட்டு வயது. இரவு ஒரு மணிக்கு அவள் பக்கத்தில் படுத்திருந்த தன் அக்கா கோதையை உலுக்கி எழுப்பினாள்.

"அக்கா, காலையில ஆஸ்பத்திரியில எனக்குக் கவன மாத்திரை தர மாட்டாங்க. மாத்திரை முழுங்காத ஆளா உட்கார்ந்து, 'இனிமேலும் வேணும்'னு கையெழுத்துப் போடணுமாம். இல்லன்னா அதோட நிறுத்திருவாங்க."

"பதினெட்டு ஆனா சட்டம் அதானடி. போட்டுட்டு வா."

"நான்னா போட்டுருவேன். மாத்திரை இல்லாத அவல்ல போடணும். ஆறு வயசுலேருந்து ஒருநாள்கூட விட்டதில்ல. நாளைக்கு எந்திரிக்கிறவ யாருன்னே எனக்குத் தெரியாது. 'வேணாம்'னு கிறுக்கிட்டு ஓடிட்டான்னா, நான் திரும்பி வரவே முடியாதுல்ல?"

கோதை இருட்டில் சிரித்தாள்.

"எனக்கு அவளைத் தெரியும்டி. அஞ்சு வயசுல தண்ணித் தொட்டி மேல ஏறி நின்னு தெருவுல போறவங்களுக்கெல்லாம் பட்டப்பேரு வைப்பா. ஒரு வாய் சோறு ஊட்ட மூணு மாடி ஓடணும். ரொம்பப் பிடிக்கும் எனக்கு அவளை."

அதுவரை பிடித்திருந்த அக்காவின் கையை எழில் விட்டாள்.

"நாளைக்கு அவ உங்கிட்ட கேட்டா என்னக்கா சொல்லுவே? போடுன்னா, போடாதேன்னா?"

கோதை தங்கையின் கழுத்துவரை போர்வையை இழுத்துவிட்டாள்.