சிங்கராசாவின் பீடி மணம்

தோட்டவெளிக் கிராமத்தில் சிங்கராசாவை அடக்கம் செய்து எட்டு மாதமாகியும் அவருடைய பீடி மணம் வீட்டை விட்டுப் போகவில்லை. மாலை ஆறு மணிக்கு முன்னறையில் எழும்பும், ஏழு மணிக்கு அடங்கும். உயிரோடு இருந்தபோதும் அவர் பீடி பத்திப் புகை விடும் நேரம் அதுதான்.

மனைவி செபஸ்தியம்மா திரைச்சீலைகளைத் தேசிக்காய் பிழிந்த தண்ணீரில் தோய்த்தாள். அவர் உட்காரும் கதிரையை வினாகிரியால் துடைத்து வெயிலில் வைத்தாள். சுவருக்குப் புதிதாகப் பெயின்ற் அடித்தாள். ஆறு மணிக்கு மணம் வந்தது. மகள் டிலோஜினிக்கு இழுப்பு இருந்தது. அந்த மணம் பட்டாலே மூச்சுத் திணறும்.

"வேற வீட்டுக்குப் போவம் அம்மா."

"ஏன் போக வேணும்? கருவாடு வித்து நான் கட்டின வீடு."

அன்று மாலை செபஸ்தியம்மா வெறும் கதிரைக்கு முன்னால் போய் நின்றாள். "இஞ்சேருங்கோ, முப்பது வருசமாச் சொன்னனான், நீங்கள் கேக்கேல்லை. பிள்ளைக்கு மூச்செடுக்க ஏலாமக் கிடக்கு. பத்துறதெண்டால் வெளியில போய்ப் பத்துங்கோ."

கதிரை ஒருமுறை கிறீச்சிட்டது. மணம் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்து வெளியே போனது. அவள் கதவைப் பூட்டினாள். அதன்பின் வீட்டுக்குள் மணம் வரவில்லை. டிலோஜினி முன்னறையில் இருந்தே படித்தாள்.

ஐப்பசியில் முதல் மழை பெய்த மாலை யாரோ கதவைத் தட்டினார்கள். டிலோஜினி யன்னலால் பார்த்தாள். முற்றத்தில் ஒருவரும் இல்லை. கதவின் கீழிடுக்கால் பீடி மணம் வந்தது.

"அம்மா, அப்பா நனையிறார். திறக்கட்டோ?"

"முதல்ல பீடியை எறியச் சொல்லு," என்றாள் செபஸ்தியம்மா.

வெளியே, வாசற்படியில் தேங்கிய தண்ணீரில், எதுவோ சுர்ரென்று அணைந்தது.