வெட்கப்படாமல் கேளுங்கள்

‘வெட்கப்படாமல் கேளுங்கள்’ என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தும், நான்கு வாரமாக ஒரு கேள்விகூட விழவில்லை. சக மாணவர்களுக்குப் பாலியல் நலம் பற்றிச் சொல்லித்தரும் குழுவின் தலைவனுக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

“உடம்பு உங்களோடதுதானே? வாயைத் தெச்சு வச்சிருக்கீங்களா?” என்று இன்றும் கத்தினான்.

“அண்ணே, நீங்க பேசறதைக் கேக்கவே வெட்கமா இருக்கு!” என்றது கடைசி பெஞ்ச். வகுப்பே சிரித்தது.

கடுப்போடு பெட்டிக்குள் கையை விட்டவன், ஒரு சீட்டோடு எடுத்தான். சத்தமாகப் படித்தான்.

“விதைப்பையில் ஒரு கட்டி இருக்கிறது. வலி இல்லை. பயமாக இருக்கிறது.”

சிரிப்பு நின்றது. ஓரமாக உட்கார்ந்திருந்த கல்லூரி நர்ஸ் எழுந்தார். “சீக்கிரம் டாக்டர்கிட்ட காட்டினா பெரும்பாலும் சரி பண்ணிடலாம். எழுதினவர் யாரா இருந்தாலும் இன்னிக்கே என் ரூமுக்கு வரணும்.”

வகுப்பு முடிந்ததும் பெட்டியை நர்ஸ் அறையில் திருப்பி வைத்தவன் அலுத்துக்கொண்டான். “எங்கே வரப்போறான், அக்கா? எல்லாம் பயந்தாங்கொள்ளிப் பசங்க!”

“வந்துட்டான்” என்றார் நர்ஸ். “இன்னிக்கு உன் கையில குடுக்கறதுக்கு முன்னாடி பெட்டியைத் திறந்து பார்த்தேன். காலியாத்தான் இருந்துச்சு. அப்புறம் அது உன் கையை விட்டு எறங்கவே இல்லை. கதவைச் சாத்திட்டு உட்காரு, தம்பி.”